சென்னை முதல் கோடியக்கரை வரை: சோழமண்டலக் கடற்கரையில் ஒரு வாரக் கார்ப் பயணம், ஆலோசனை தேவை

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து சொந்தக் காரில் சென்னைக்கு வருகிறோம். திருமணம் சனிக்கிழமையோடு முடிந்துவிடும். வந்த வழியே சேலம் சாலையில் திரும்பிவிடாமல், ஞாயிறு தொடங்கி ஒரு வாரம் கடற்கரையை ஒட்டியே தெற்கே சென்று, பழைய துறைமுகப் பட்டினங்களையும் கோட்டைகளையும் கோயில்களையும் பார்த்துவிட்டு ஊர் சேரலாம் என்று எண்ணியிருக்கிறோம். என்னுடன் எழுபது வயதைக் கடந்த என் தாயார், மனைவி, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆகியோர் வருகிறார்கள். மகளுக்கு வரலாற்றில் மிகுந்த ஈடுபாடு உண்டு.

மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, இராமேசுவரம், முடிந்தால் கன்னியாகுமரி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஏழு நாள்களில் இது நடக்கக்கூடியதா? எந்த ஊர்களில் இரவு தங்குவது நல்லது? இந்தக் கரையை நன்கு அறிந்தவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

வங்கக்கரை:

வணக்கம் ஐயா. முதலில் கன்னியாகுமரியையும் இராமேசுவரத்தையும் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் குறைந்தவை என்பதால் இதைச் சொல்லவில்லை. அவற்றையும் சேர்த்துக்கொண்டால் வாரத்தில் பாதி சாலையிலேயே கழிந்துவிடும். மாமல்லபுரம் முதல் கோடியக்கரை வரையுள்ள சுமார் முந்நூறு கிலோமீட்டருக்குள் பல்லவர், சோழர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், டேனியர் என்று அத்தனை பேருடைய துறைமுகங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஊருக்கு ஊர் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டியிராது என்பதால் உங்கள் தாயாருக்கும் அலுப்புத் தட்டாது.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் சென்னைக் கூட்டம் முழுவதும் இருக்கும். ஆகவே அன்று பகலில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தைப் பாருங்கள். 1856 முதல் நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து கிடைத்த சுமார் 350 பௌத்தத் திருமேனிகளில் பல அங்கேதான் உள்ளன. அவை இருந்த இடத்தை வாரக் கடைசியில் நேரில் காணப் போகிற உங்கள் மகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை. மாலையில் மாமல்லபுரம் சென்று தங்கிவிட்டால், திங்கள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே கடற்கரைக் கோயிலில் நிற்கலாம்.

மாமல்லபுரத்தில் எல்லாவற்றையும் பார்க்க அவசரப்பட வேண்டாம். அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் அரை மணி நேரமாவது நில்லுங்கள். யானைகளுக்கு அருகில் முன்னங்கால்களை உயர்த்தித் தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் உங்கள் மகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். பக்கத்திலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும் சிற்பத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் கண்ணெடுக்க முடிவதில்லை. கடற்கரைக் கோயிலை எடுப்பித்த பல்லவ மன்னன் இராசசிம்மனின் காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். வடக்கே சாளுவன்குப்பத்தில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயிலோ அதைவிடப் பல நூற்றாண்டு பழைய அடித்தளத்தைக் கொண்டது.

பகல் உணவுக்குப் பின் கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையைப் பாருங்கள். கோட்டைக்குள்ளேயே இருக்கும் கல்லறைகளின் மேற்பலகைகளில் எழுத்துகளும் சின்னங்களும் மிக நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. நேரம் இருந்தால் கடப்பாக்கத்தில் திரும்பி ஆலம்பரைக் கோட்டைக்கும் போகலாம். 1750-இல் இது பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்கு அளிக்கப்பட்டது, பத்தாண்டுகளில் ஆங்கிலேயர் இடித்துவிட்டனர். இப்போது செங்கல் சுவர்களும் கழிமுகமும் மட்டுமே உள்ளன.

புதுச்சேரியில் திங்கள், செவ்வாய் இரண்டு இரவுகள் தங்குங்கள். அருங்காட்சியகத்துக்குத் திங்களன்று விடுமுறை, எனவே செவ்வாயன்று பாருங்கள். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு ரோமானிய வணிகத் தொடர்பை உலகறியச் செய்தது. ஆற்றங்கரையில் இன்று நிற்கும் சுவர்கள் பிற்காலத்தவை, ஆகையால் அருங்காட்சியகத்தில் ரோமானியச் சாடிகளைப் பார்த்துவிட்டு அங்கே போனால்தான் அந்த மேடு பேசும்.

இந்தப் பயணத்தில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். காலையும் மாலையும் கோயில், நடுப்பகலில் அருங்காட்சியகம், கோட்டை அல்லது சாலை என்று பிரித்துக்கொண்டால் ஒரு பொழுதும் வீணாகாது. புதன்கிழமை அதிகாலையிலேயே கிளம்பிப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகேறுங்கள். விசைப்படகு அகன்ற வாய்க்கால்களோடு நின்றுவிடும், துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்களுக்கு இடையே குறுகலான வழிகளில் நுழையும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வரக் காரணமான தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஆனால் அதன் பால் கண்ணில் படக்கூடாது. மாலையில் சிதம்பரம் நடராசர் தரிசனம், இரவு அங்கேயே தங்கல். சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் சாப்பிடாமல் புறப்பட வேண்டாம்.

வியாழனன்று சீர்காழி வழியாகப் பூம்புகார். காவிரி கடலில் கலக்கும் இடத்தில் நிற்பதும், 1973-இல் அமைக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடமும், மேலையூர்ப் பக்கம் அகழ்ந்தெடுத்த புத்த விகாரத்தின் அடித்தளமும் போதும், அரை நாளில் முடிந்துவிடும். எஞ்சிய நேரத்தைத் தரங்கம்பாடிக்குக் கொடுங்கள். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1706-இல் வந்திறங்கிய செருமானிய மதபோதகர் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம், அலைகள் முன்பகுதியைக் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயில் ஆகிய மூன்றும் நடந்தே பார்க்கும் தொலைவில் உள்ளன. தமிழ் அச்சு வரலாற்றில் சீகன்பால்குவின் அச்சகத்துக்கு எவ்வளவு பெரிய இடம் உண்டு என்பதை உங்கள் மகளிடம் அங்கே வைத்துச் சொல்லுங்கள். அன்றிரவு கடலோரத்திலேயே தங்குங்கள். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனியர் போனபின் பெரிய துறைமுகமாக வளராததால்தான் அந்தத் தெருக்கள் இன்றும் அமைதியாக இருக்கின்றன.

நாகைவாசி:

மேலே எழுதியவர் தரங்கம்பாடியோடு நிறுத்திவிட்டார், மிச்சத்தை நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காரைக்காலில் அம்மையார் கோயிலை வணங்கிவிட்டு நாகூருக்கு வாருங்கள். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி, அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர். வெள்ளியன்று நண்பகல் தொழுகைக் கூட்டம் மிகுதியாக இருக்கும், ஆகவே காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். எல்லா மதத்தினரும் வந்து வேண்டிக்கொள்ளும் இடம் என்பதால் தாயாருக்கு எந்தத் தயக்கமும் வேண்டாம். கடைத்தெருவில் இறால் பதித்த ‘வாடா’ என்ற பலகாரம் சூடாகக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

நாகப்பட்டினத்தில் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஸ்ரீவிஜய அரசர் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் எழுப்பி, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரை இறையிலியாகக் (வரி நீக்கிய நிலமாக) கொடுத்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியில் பார்ப்பதற்கு இன்று எதுவும் இல்லை. எஞ்சி நின்ற பழங்கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். அலைகடலுக்கு அப்பால் இருந்த ஓர் அரசரின் விகாரத்துக்குச் சோழ மன்னர் நிலம் கொடுத்த ஊரில் அதற்கென ஒரு நல்ல நினைவிடம் இல்லாதது எனக்குப் பெரிய மனக்குறை. எழும்பூரில் அந்தத் திருமேனிகளை முதலில் பார்க்கச் சொன்னது மிகச் சரியான யோசனை.

வேளாங்கண்ணியில் தங்குமிடங்கள் நிறைய உண்டு, திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை என்பதால் தை மாதத்தில் நெருக்கடி இராது. சனிக்கிழமை விடியலில் கிளம்பினால் கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்கள் மேயும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம், பருவமழை நன்றாகப் பெய்திருந்தால் பூநாரைகளும் இருக்கும். பிறகு வேதாரண்யம். இராசாசி 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து உப்புச் சத்தியாகிரக நடைப்பயணம் தொடங்கி, 30-ஆம் தேதி உப்பள்ளிய அகத்தியம்பள்ளியில் நினைவுத்தூண் நிற்கிறது. சுற்றிலும் உப்பளங்கள்தான். தையில் மழைச் சேற்றை வழித்துப் பாத்திகளை மிதித்துச் சீராக்கும் வேலை நடக்கும், சென்ற ஆண்டு உப்பு பனையோலை வேய்ந்த அம்பாரங்களாக வரப்போரம் குவிந்திருக்கும். வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டு வரப்பில் நடங்கள்.

நொய்யல்கரை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இராமேசுவரத்தைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளலாம் என்று தாயாரும் ஒப்புக்கொண்டார்கள். ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது: சனிக்கிழமை வேதாரண்யத்தில் முடித்துவிட்டு அன்றிரவே கோயம்புத்தூர் புறப்படலாமா?

நாகைவாசி:

வேண்டாம் ஐயா. நாள் முழுவதும் வெயிலில் அலைந்தபின் அவ்வளவு தூரம் இரவில் ஓட்டுவது ஆபத்து, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிச் சாலைகளில் இருட்டியபின் மாடுகளும் வண்டிகளும் குறுக்கே வரும். மாலையில் வேதாரண்யேசுவரரைத் தரிசித்துவிட்டு, அப்பரும் சம்பந்தரும் பாடித் திறக்கவும் அடைக்கவும் செய்ததாகச் சொல்லப்படும் கதவையும் தாயாருக்குக் காட்டிவிட்டு, அங்கேயே தங்குங்கள். ஞாயிறு காலை தஞ்சாவூர், திருச்சி, கரூர் வழியாகப் போனால் மாலைக்குள் வீடு சேரலாம். வேதாரண்யத்தில் விடுதிகள் குறைவு, ஆகவே அந்த ஓர் இரவுக்கான அறையை மட்டும் இப்போதே தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.