மறு: டைனிங் காருக்கு ‘உணவுப் பெட்டி’ வேணாம், ‘பந்திப் பெட்டி’ன்னு வைக்கலாமா?

> நம்ம தமிழ்ச் சொல் பட்டியலுக்கு இந்த வாரம் ரயில்வே சொற்கள். டைனிங் காருக்கு, அதான் ஓடுற ரயில்ல உக்காந்து சாப்பிடற பெட்டிக்கு, ‘உணவுப் பெட்டி’ன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாமா? மறுப்பு இருக்கறவங்க சொல்லுங்க.

அக்கா, எனக்கு மறுப்பு இருக்கு. இங்க டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்துல நம்ம தமிழ் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட உணவுப் பெட்டின்னு சொன்னா பையில இருக்கற லஞ்ச் டப்பாவைத்தான் எடுத்துக் காட்டும். போன மடல்ல ஒருத்தர் சொன்ன ‘உணவக ஊர்தி’ ரோட்டோரம் நிக்கிற சாப்பாட்டு வேனுக்குத்தான் பொருந்தும். நான் சொல்றது பந்திப் பெட்டி. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

ரயிலு வந்த புதுசுல ஓடுற வண்டியில சாப்பாடே கிடையாது. வழியில ஒரு ஸ்டேஷன்ல நிறுத்துவான், எறங்கி ஓடி அள்ளிப் போட்டுக்கிட்டு விசில் ஊதறதுக்குள்ள திரும்பி ஏறணும். இங்க தென்னாப்பிரிக்காவுல காரூங்கற வறண்ட பூமியில மாட்ஜிஸ்ஃபொன்டைன்ங்கற ஊர்ல ஜேம்ஸ் லோகன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இந்தச் சாப்பாட்டு வியாபாரத்துலயே பெரிய ஆளாயிட்டாரு, டெண்டரே இல்லாம அவருக்கு கேப் அரசு ரயில்வேயோட சாப்பாட்டு கான்ட்ராக்டைக் குடுத்துட்டாங்கன்னு கிளம்புன சண்டையில 1893-ல கேப் காலனிப் பிரதமர் செசில் ரோட்ஸோட மந்திரிசபையே உடைஞ்சுது. காந்தியை மாரிட்ஸ்பர்க்ல இறக்கிவிட்டதும் அதே வருஷம்தான். சரி, அது வேற கதை.

அமெரிக்காவுல ரயில் பெட்டி கட்டற ஜார்ஜ் புல்மேன் 1867-ல ‘பிரசிடென்ட்’னு ஒண்ணு விட்டாரு, படுக்கை, அடுப்பு, சாப்பாடு எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள, அதுக்கு ஹோட்டல் கார்னு பேரு. மறுவருஷம் வந்த ‘டெல்மோனிகோ’தான் சாப்பாட்டுக்குன்னே கட்டுனது, நியூயார்க்ல பேர் போன ஒரு ரெஸ்டாரன்ட் பேரை அதுக்கு வச்சாங்க. இங்கிலாந்துல சாப்பாட்டுப் பெட்டி வந்தது 1879-ல, லண்டன் – லீட்ஸ் வண்டியில. அங்க பெட்டிக்குப் பெட்டி நடந்து போக வழியே கிடையாது, அதனால சாப்பாடு வேணும்னா முதல்லயே அந்தப் பெட்டியில ஏறி கடைசி வரைக்கும் அங்கயே உக்காந்திருக்கணும்!

இது ஏன் முக்கியம்னா, 1887-ல புல்மேன் கம்பெனி ரெண்டு பெட்டிக்கும் நடுவுல மூடுன இடைவழிக்கு பேட்டன்ட் வாங்குச்சு, அந்த மாதிரி வழி வந்தப்புறம்தான் மொத்த வண்டி சனமும் பயமில்லாம ஒரு பெட்டிக்கு நடந்து வர ஆரம்பிச்சுது, மேஜை கொஞ்சம், ஆளு நிறைய, என்ன பண்றது, முறை வச்சாங்க. முதல் சிட்டிங், ரெண்டாவது சிட்டிங். சிப்பந்தி மணி தட்டிக்கிட்டே வண்டி பூரா நடந்து போவாரு. ஒரு கூட்டம் எந்திரிச்சதும் துடைச்சு அடுத்த கூட்டத்தை உக்கார வைப்பாங்க. இதுக்குத் தமிழ்ல புதுசா சொல்லு செய்யணுமா என்ன? முதல் பந்தி, ரெண்டாம் பந்தி, அவ்வளவுதான். சிட்டிங்குக்கும் சேத்து ஒரே சொல்லுல வேலை முடியுது பாருங்க.

இன்னொண்ணு. நம்ம தென்னாப்பிரிக்க ரயில்வேல பழைய வண்டிகள்ல இரட்டைப் பெட்டியா ஓடுச்சு, மேஜை ஒண்ணுல, அடுப்பு பக்கத்துப் பெட்டியில. ‘உணவுப் பெட்டி’ன்னா இதுல எதைச் சொல்றோம்? இந்தியாவுல பேன்ட்ரி கார்னு ஓடுதே அதுல சமைச்சு நம்ம சீட்டுக்கே கொண்டு வந்துடுவாங்க, அது அடுக்களைப் பெட்டி. உக்காந்து சாப்பிடறது பந்திப் பெட்டி. குழப்பம் தீந்துச்சு.

– சாட்ஸ்வர்த்

—

அண்ணே, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுலேர்ந்து எழுதறேன். வாதம் நல்லாத்தான் இருக்கு ஆனா மனசு ஒப்பலை. பந்தின்னா கீழ வரிசையா உக்காந்து எலை போட்டுச் சாப்பிடறது, கூப்பிட்டவன் பரிமாறுவான். இது மேஜை நாற்காலி, கத்தி முள்ளுக்கரண்டி, கடைசில பில்லு. எந்தப் பந்தியில பில்லு குடுத்தாங்க?

அதுக்கும் மேல, எங்க ஆயா டர்பனுக்கு எத்தனையோ தடவை போயிருக்காங்க, அந்தப் பெட்டிக்குள்ள ஒரு நாள் கால் வச்சதில்ல. நிறவெறிக் காலம், வைக்க விடல. மடியில கட்டுச்சோறு, வேகவச்ச முட்டை, ஃப்ளாஸ்க்ல டீ. பந்தின்னா ஊரையே கூப்பிட்டு உக்கார வைக்கிறதுன்னு ஒரு அர்த்தம் மனசுல வருது, அந்த நல்ல பேரை இதுக்கு ஏன் குடுக்கணும்?

—

தம்பி, பில்லு விஷயத்துல நீ சொல்றது சரிதான், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ரெண்டாவது கேள்விக்கு இருக்கு.

பந்தி என்னைக்குப்பா ஊரையே உக்கார வச்சுது? பந்தியில ஆளுக்கு ஆள் பாகுபாடு பாக்கறதுக்குப் பந்திவஞ்சனைங்கற சொல்லு நம்மகிட்டதானே இருக்கு. யாரு முதல் பந்தி, யாரு கடைசிப் பந்தி, யாரு வாசல்லயே நிக்கணும்னு நம்மாளுங்க பாத்த கணக்கு கொஞ்சமா? தமிழ்நாட்டு ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடத்துலயே பிராமணருக்குத் தனி, மத்தவங்களுக்குத் தனின்னு போர்டு தொங்குச்சு, பெரியார் ஆளுங்க விடாம சண்டை போட்டு 1941-லதான் அது போச்சு.

அமெரிக்காவுல எல்மர் ஹெண்டர்சன்னு ஒரு கறுப்பினத்தவர், அரசாங்க உத்தியோகஸ்தர், 1942-ல சதர்ன் ரயில்வேல சாப்பிடப் போனா கறுப்பருக்குன்னு திரை போட்டு ஒதுக்குன மேஜையில வெள்ளைக்காரங்க உக்காந்திருக்காங்க, காலியா ஒரு நாற்காலி இருந்தும் இவருக்கு இடம் தரல. கேஸ் போட்டாரு, 1950-ல அந்த ஊர் உச்ச நீதிமன்றம் இது செல்லாதுன்னுடுச்சு. இங்க தலைகீழ். கேப் டவுன் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம் பத்தி லூசுங்கற பேருள்ள ஒருத்தர் மேல போட்ட வழக்குல, பிரிக்கிறதுன்னா வசதியாவது சமமா இருக்கணும்னு கோர்ட்டு சொல்லிச்சு, உடனே 1953-ல தனித்தனி வசதிச் சட்டம் கொண்டு வந்து சமமா இருக்க வேண்டியதில்லன்னே எழுதி வச்சாங்க, அந்தச் சட்டத்தை 1990-லதான் நீக்குனாங்க. உங்க ஆயா வெளிய நின்ன கதை அந்தப் பேருக்குள்ளயே இருக்கட்டுமே. ‘உணவுப் பெட்டி’ன்னு வழவழன்னு வச்சா அது மறைஞ்சுடும்.

– சாட்ஸ்வர்த்

—

ரெண்டு பேருக்கும் நன்றி. பந்திப் பெட்டியைப் பட்டியல்ல ஏத்தறேன், பேன்ட்ரி காருக்கு அடுக்களைப் பெட்டி, சிட்டிங்குக்கு வெறும் பந்தி. டைனிங் கார் ஸ்டூவர்டுக்கு ‘பந்தி விசாரிப்பவர்’னு நானே ஒண்ணு சேத்திருக்கேன், கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிறதுன்னு சொல்றோமே அதுலேர்ந்து. லெனேசியா தம்பியோட மறுப்பு அப்படியே குறிப்புல நிக்கும், பில்லு உட்பட. இடைவழிக்கு யாரும் இன்னும் சொல்லு தரலை, ‘இணைப்புக்கூடு’ எப்படி இருக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, அடுத்து ஷண்டிங், அதான் பெட்டிகளைத் தண்டவாளம் மாத்திச் சேக்கறது.

– மாரிட்ஸ்பர்க்