மொரிஷியஸ் எலெக்‌ஷன்ல இந்திய பாஸ்போர்ட்டோட ஓட்டுப் போட்ட கதை

வெளிநாட்டு எலெக்‌ஷன வேடிக்க பாத்தவங்க நிறைய பேர் இருப்பீங்க, நான் ஓட்டே போட்டிருக்கேன். மொரிஷியஸ், 2024 நவம்பர் 10, ஞாயித்துக்கிழம. காமன்வெல்த் நாட்டுக்காரங்க அங்க ரெண்டு வருஷம் இருந்தா வோட்டர் லிஸ்ட்ல பேர் சேக்கலாம்னு சட்டமே இருக்கு, ஜனவரில வீடு வீடா லிஸ்ட் எடுக்க வந்த ஆளு சொல்லித்தான் எனக்கே தெரியும். கூட வேல பாத்த பங்களாதேஷ் பையனுக்கு ஓட்டு உண்டு, நேபாள் பையனுக்கு இல்ல, "நீங்கதான்டா இந்த ஊரு முதலாளிங்க"ன்னு கடைசி வரைக்கும் எங்கள ஓட்டிக்கிட்டே இருந்தான்.

நான் இருந்தது ரோஸ் ஹில், 19ஆம் நம்பர் தொகுதி, ஊதாக் கலர் கட்சிக்காரரு பால் பெரான்ஜேவோட கோட்டை. வீட்டுக்காரம்மா நம்ம தமிழ் வம்சம், தைப்பூசத்துக்கு காவடி எடுப்பாங்க ஆனா பேசுறது பூரா கிரியோல், வாசல்ல உக்காந்து முருங்கக்கீரை ஆஞ்சுக்கிட்டே கூட்டணிக் கதைய எனக்கு சொன்னதே அவங்கதான். 1982ல பெரான்ஜேவும் அனிருத் ஜக்நாத்தும் சேந்து மெயின் தீவுல 60க்கு 60 அள்ளுனாங்க, அடுத்த வருஷமே பிரிஞ்சு ஜக்நாத் தனிக்கட்சி கண்டு லேபர் கட்சியோட சேந்து பெரான்ஜேவ தோக்கடிச்சாரு, 2000ல மறுபடி அதே ரெண்டு பேரும் சேந்து மூணு வருஷம் ஜக்நாத் பிரதமர், மிச்சம் ரெண்டு வருஷம் பெரான்ஜேன்னு பங்கு பிரிச்சாங்க, 2014ல பெரான்ஜே லேபர் கட்சி ராம்கூலமோட சேந்து மண்ணக் கவ்வுனாரு, 2024ல திரும்பவும் அதே ராம்கூலம்! எனக்கு தல சுத்திருச்சு.

அந்தம்மா பரம்பர ஊதாக் கட்சி, ஆனா 2014ல போடலயாம். ராம்கூலம் கூடுதல் பவரோட ஜனாதிபதி, பெரான்ஜே பிரதமர்னு அவங்களே பேசி முடிச்சுட்டாங்க, எங்கள யாரு கேட்டான்னாங்க. இந்தத் தடவ மட்டும் என்னன்னு கேட்டேன். அக்டோபர்லேந்து ஒட்டுக்கேட்ட போன் பேச்செல்லாம் நெட்ல வந்துக்கிட்டே இருந்துச்சு, நவம்பர் 1 அன்னிக்கு சோஷியல் மீடியாவையே முடக்கச் சொல்லி அரசாங்கம் ஆர்டர் போட்டு உடனே வாபஸ் வாங்குனாங்க. மத்ததெல்லாம் கூட பொறுத்துக்குவேன், ஆஸ்திரேலியாவுல இருக்குற பேரன் மூஞ்சிய பாக்குற போன்லயா கைய வைப்பானுங்கன்னு அம்மாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

ஓட்டுச்சீட்டு முழ நீளம். மூணு பேருக்கு கட்டாயம் பெருக்கல் குறி போடணும், ரெண்டு போட்டாலும் நாலு போட்டாலும் செல்லாது. மறுநாள்தான் எண்ணுவாங்க. ராம்கூலம்-பெரான்ஜே கூட்டணிக்கு திரும்ப 60க்கு 60, அப்ப பிரதமரா இருந்த அனிருத் மகன் பிரவிந்த் ஜக்நாத் தன் சீட்டையே விட்டாரு. 2019ல 37 சதவீத ஓட்டுல 38 சீட் எடுத்த கூட்டணி அவரோடது! தெருவுல ராத்திரி பூரா ஹாரன்தான், தூங்கவே இல்ல.

*

நான் 2014 டிசம்பர் எலெக்‌ஷனப்ப மொரிஷியஸ்ல காத்ர் போர்ன் ஊர்ல இருந்தேன் ப்ரோ. லேபரும் ஊதாவும் சேந்துட்டா எவன் ஜெயிக்க முடியும்னுதான் எங்க ஆபீஸ்ல எல்லாரும் பேசுனாங்க. எதிர்ப்பக்கம் முதியோர் பென்ஷன 5,000 ரூபா ஆக்குறேன்னு சொன்னாங்க பாருங்க, எங்க தெரு தாத்தா பாட்டி எல்லாம் அப்பவே முடிவு பண்ணிட்டாங்க. பிரியாணி மட்டும் ரெண்டு பக்கமும் சாப்ட்டாங்க, நானும்தான் 😀

*

60க்கு 60ன்னா சட்டசபைல எதிர்க்கட்சியே கிடையாதா?

*

ரோட்ரிக்ஸ் தீவோட 2 சீட் தனி. அதுபோக பெஸ்ட் லூசர்னு ஒண்ணு இருக்கு, தோத்தவங்கள்லேந்து 8 பேர் வரைக்கும் சமூகவாரியா உள்ள எடுப்பாங்க, அப்படித்தான் பிரவிந்த் பக்கத்துக்கு ஆள் வந்தாங்க. அந்த சமூகக் கணக்கு 1972 சென்சஸ்ல எடுத்தது, நம்மாளுங்கள இந்துக்குள்ள சேத்துட்டாங்க. இத எதிர்த்து ஐநா மனித உரிமைக் குழு வரைக்கும் போன ரெசிஸ்டான்ஸ் கட்சியும் 2024ல ராம்கூலம்-பெரான்ஜே கூட்டணிலதான் நின்னு ஜெயிச்சாங்க, ஆனா அந்த எலெக்‌ஷன்லயும் அதே 1972 கணக்குதான்.