இமேக்ஸ்: ஃபேஸுக்குப் பின்னணியாகப் படம் வைக்க முடியுமா?

வரிக்குதிரை:
இமேக்ஸ் 29 (உரைத் தொகுப்பி), லினக்ஸ், எக்ஸ் சாளர அமைப்பு. தேர்ந்தெடுத்த பகுதிக்கு (ரீஜன் ஃபேஸ்; ஃபேஸ் என்பது எழுத்தின் நிறம், பின்னணி போன்ற தோற்ற அமைப்பு) ஒற்றை நிறத்துக்குப் பதிலாகப் புள்ளி போட்ட படம் வேண்டும். பேக்கிரவுண்டில் பிஎன்ஜி கோப்பின் பாதையைக் கொடுத்தால் அப்படி ஒரு நிறமே இல்லை என்கிறது. ஸ்டிப்பிள் என்று ஒரு பண்பு இருக்கிறதே, அதுவும் பிஎன்ஜியை ஏற்கவில்லை. வேறு வழி உண்டா?

அடைப்புக்குறி:
ஸ்டிப்பிள்தான் வழி. ஆனால் அது எக்ஸ் பிட்மேப் (XBM) வகை, பிக்சலுக்கு ஒரே பிட். 1 என்றால் ஃபேஸின் முன்னணி நிறம், 0 என்றால் பின்னணி நிறம். மூன்றாவது நிறத்துக்கு இடமில்லை. டெர்மினலில் ஓட்டினால் இந்தப் பண்பே கிடையாது.

மதிப்பை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். ஒன்று, பிட்மேப் கோப்பின் பெயர். டெபியன், உபுண்டுவில் எக்ஸ்பிட்மேப்ஸ் தொகுப்பை நிறுவினால் 'கிரே3' போன்றவை வந்துவிடும். இன்னொன்று, அகலம், உயரம், தரவு என்ற பட்டியல். எனக்கு இதுதான் பிடிக்கும், கோப்பைத் தேடி அலைய வேண்டாம்:

(8 8 "\1\0\0\0\20\0\0\0")

எட்டு வரிசை, வரிசைக்கு ஒரு பைட். ஒவ்வொரு பைட்டிலும் கடைசி பிட்தான் இடது ஓரப் பிக்சல். ஆகவே மேல் வரிசையில் இடது மூலையில் ஒரு புள்ளி, ஐந்தாம் வரிசையில் நடுவில் ஒன்று. 64 பிக்சலுக்கு இரண்டு புள்ளி. இதைவிட நெருக்கினால் எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது.

செமிகோலன்:
பலர் சறுக்குமிடம் ஒன்று: பின்சாய்வுக்குப் பின்னால் இருப்பது எட்டை அடியாகக் கொண்ட எண் முறை (ஆக்டல்). \20 என்பது 16. பதினாறுதானே என்று \16 போட்டால் அது 14 ஆகி, ஒரு புள்ளிக்குப் பதில் மூன்று புள்ளி ஒட்டி நிற்கும். அகலம் 8ஐத் தாண்டினால் வரிசைக்கு 2 பைட். 12 அகலம், 8 உயரம் என்றால் 16 பைட் வேண்டும். குறைந்தால் இமேக்ஸ் ஏற்காது.

வரிக்குதிரை:
வந்துவிட்டது, நன்றி. ஆனால் நிரல் கோப்பில் புள்ளிகள் சொல்லுக்குச் சொல் நிறம் மாறுகின்றன. தீம் மாற்றினால் எல்லாமே போய்விடுகிறது.

அடைப்புக்குறி:
ரீஜனுக்கு முன்னணி நிறம் வைக்காததால், கீழே இருக்கும் சொல்லின் நிறத்தையே புள்ளியும் எடுத்துக்கொள்கிறது. வைத்தால் புள்ளி ஒரே நிறமாகும், கூடவே தேர்வுக்குள் இருக்கும் நிரலின் நிறங்களும் போகும். எழுத்தும் புள்ளியும் ஒரே முன்னணி நிறத்தைப் பங்கிடுவதால் இரண்டையும் பிரிக்க வழியில்லை. அதனால் ஸ்டிப்பிள் உண்மையில் பொருந்துவது எழுத்தே இல்லாத இடத்துக்கு: வரிக் கடைசி வெற்றிடங்களைக் காட்டும் டிரெய்லிங்-வைட்ஸ்பேஸ் ஃபேஸில் தைரியமாக முன்னணி நிறமும் வைக்கலாம்.

தீம் ஏறும்போது ஃபேஸ்கள் புதிதாகக் கணக்கிடப்படும், கையால் வைத்தது அழிந்துவிடும். 29இல் வந்த எனேபிள்-தீம்-ஃபங்ஷன்ஸ் ஹூக்கில் (தீம் ஏறியதும் தானாக ஓடும் செயல்பாடுகளின் பட்டியல்) உங்கள் அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

செமிகோலன்:
வண்ணப் படமேதான் வேண்டுமென்றால் ஃபேஸில் கிடைக்காது. டிஸ்ப்ளே பண்பில் படம் வைத்தால் அது எழுத்தை மறைத்துவிட்டு அந்த இடத்தில் நிற்கும், பின்னால் போகாது. திரைப் பின்னணி முழுதும் போதுமென்றால் 29இன் ஆல்ஃபா-பேக்கிரவுண்ட் ஃபிரேம் (இமேக்ஸ் சாளரம்) அளவுருவை 85 என்று வையுங்கள். எழுத்து மங்காது, டெஸ்க்டாப் படம் பின்னால் தெரியும். கம்பாசிட்டர் (சாளரங்களை ஒன்றின் வழியே ஒன்று தெரியும்படி அடுக்கிக் காட்டும் நிரல்) ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.