தேவதை இறாலா, மல்லாக்கூனியா?

மக்களே வணக்கம். மழைத்தண்ணி நிக்கிற இடத்துல வாழற ஃபேரி ஷ்ரிம்புங்கற (fairy shrimp) சின்ன உயிரிக்குத் தமிழ்ப் பேர் தேடறோம், "தேவதை இறால்"னு போட்டுட்டு அடுத்த சொல்லுக்குப் போயிடலாம்னு இங்க ஒரு ஐயா சொல்றார், எனக்கு மனசு ஒப்பல. இறாலுக்கு முதுகுல ஓடு உண்டு, இதுக்குக் கிடையாது, இது சேர்ந்த உயிரின வரிசையோட பேர் அனோஸ்ட்ராக்கா, அதுக்கே ஓடில்லாததுன்னுதான் அர்த்தம். அதுக்கு "ஓடிலி"ன்னு வச்சுக்கலாம், அதுல சண்டையில்ல.

அமெரிக்காவுல மொஹாவி பாலைவனத்துல ரோஜர்ஸ் ஏரி இருக்கே, 1981-ல கொலம்பியா விண்ணோடம் வந்து இறங்கின காஞ்ச ஏரி, அங்க மழை பெஞ்சு தண்ணி நின்னா பால் ஊத்தின டீ மாதிரி கலங்கிக் கிடக்கும், உள்ள ஒண்ணும் தெரியாது. வலையால அள்ளி வெள்ளைத் தட்டுல கொட்டினாத்தான் வயித்தை மேல காட்டிக்கிட்டு, காலெல்லாம் அலை அலையா அடிச்சு, மல்லாக்க நீந்துறது தெரியும். அதான் என் சொல் "மல்லாக்கூனி". கூனிப்பொடி தின்ன யாருக்கும் கூனியை விளக்க வேண்டியதில்ல. (மந்தரையை இழுக்காதீங்க ப்ளீஸ்.)

இதுல ஒரு ஓட்டை இருக்கு, நானே சொல்லிடறேன். வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் அது வயித்தைத் திருப்பும், கண்ணாடித் தொட்டிக்கு அடியில டார்ச் அடிச்சா குப்புறத் திரும்பிடும். ஆனா ஏரிக்கு அடியில யாரு டார்ச் அடிக்கப் போறா? இன்னொண்ணு, பிராங்கினெக்டா கைகாஸ்னு ஒரு இனம் விரல் நீளம் வளர்ந்து, அதே ஏரியில இருக்கற பிராங்கினெக்டா மக்கினிங்கற சின்ன இனத்தைப் பிடிச்சுத் தின்னும், அதைப் போய்க் கூனிங்கறதான்னா, "ராட்சத மல்லாக்கூனி"ன்னு போடுங்க, கேக்கவும் நல்லாருக்கு.

அடுத்து சிஸ்ட் (cyst), அதாவது வறட்சியைத் தாங்கி மண்ணுல கிடக்குற இதோட முட்டை, அதுக்கு "நீர்க்கட்டி" வேண்டவே வேண்டாம். சொட்டுத் தண்ணியில்லாத மண்ணுல வருஷக்கணக்கா கிடக்குறதுக்கு நீர்க்கட்டியா? உள்ள இருக்கறது வளர்ச்சி நின்னுபோன கரு, அதனால "உறங்குகரு". எந்த ஏரியில எந்த இனம் இருக்குன்னு கணக்கெடுக்குறவங்க வறண்ட காலத்துல மண்ணை அள்ளிச் சலிச்சு இதைத்தான் தேடுறாங்க, ஆனா இதை வச்சு இனத்தை உறுதியாச் சொல்றது கஷ்டம், தண்ணியில போட்டு வளர்த்து, ஆண், பெண்ணைப் பிடிச்சுக்கப் பயன்படுத்தற ரெண்டாவது உணர்கொம்போட அமைப்பைப் பாக்கணும். அதுலயும் ஒரு நனைப்புல எல்லாம் பொரிக்காது, மிச்சம் அடுத்த மழைக்குன்னு தூங்கும், அதனால ஒரு தடவை போய்ப் பாத்துட்டு "இங்க இல்ல"ன்னு எழுதிட முடியாது.

நம்ம ஊர் மழைக்குட்டைகள்லயும் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகாட்டமஸ்னு ஒரு ஃபேரி ஷ்ரிம்பு இனம் இருக்கு. அதுக்கு உங்க ஊர்ல ஏற்கனவே பேர் இருந்தா சொல்லுங்க, மல்லாக்கூனியை நானே தூக்கிடறேன்.