புதுப்பிப்பு: நிற்காமல் அடம்பிடித்த போஸ்ட்கிரெஸ் சர்வர், காரணம் கிடைத்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: இரவுப் பராமரிப்பு ஸ்கிரிப்ட் போஸ்ட்கிரெஸ் (தரவுத்தள மென்பொருள்) சர்வரை நிறுத்தச் சொல்கிறது, 60 விநாடி காத்துவிட்டுத் தோல்வி என்று திரும்புகிறது, ஆனால் புது இணைப்பு எதையும் சர்வர் ஏற்பதும் இல்லை.

பழைய ஸ்கிரிப்டில் 'பிஜி சிடிஎல் ஸ்டாப்' கட்டளையோடு 'ஸ்மார்ட்' முறை எழுதப்பட்டிருந்தது. 9.5 பதிப்புக்கு முன் அதுதான் இயல்பு. கடைசி கிளையன்ட் (சர்வரோடு இணைந்திருக்கும் நிரல்) தானாக விலகும்வரை சர்வர் காத்திருக்கும். எங்கள் கனெக்‌ஷன் பூல் (இணைப்புகளை மூடாமல் திறந்தே வைத்திருக்கும் ஏற்பாடு) எப்போது விலகப்போகிறது? 60 விநாடியில் கைவிட்டது கட்டளை மட்டும்தான். நிறுத்த உத்தரவு உள்ளே அப்படியே இருந்தது. அதனால்தான் அந்த இரண்டுங்கெட்டான் நிலை.

'ஃபாஸ்ட்' என்று மாற்றினேன். முடியாத டிரான்ஸாக்‌ஷன்களை ரத்துசெய்து, இணைப்புகளைத் துண்டித்து, நான்கே விநாடியில் நின்றது. அவ்வளவு நிம்மதி! மூன்றாவது முறையான 'இமீடியட்' போடச் சொன்ன நண்பருக்கு: தயவுசெய்து அதை வழக்கமாக்காதீர்கள். சர்வர் கிராஷ் ஆனதற்குச் சமம் அது; அடுத்த முறை தொடங்கும்போது மீட்பு வேலை ஓடும்.

இப்போது ஸ்டார்ட் கொடுக்கும் முன் 'பிஜி சிடிஎல் ஸ்டேட்டஸ்' கேட்கிறேன். எக்ஸிட் கோடு (கட்டளை முடியும்போது தரும் எண்) 3 வந்தால்தான் ஸ்கிரிப்ட் மேலே போகும். 3 என்றால் சர்வர் ஓடவில்லை. 4 என்றால் டேட்டா டைரக்டரியே (தரவுக் கோப்புகள் இருக்கும் இடம்) சரியாகக் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.