கிராப்ஸ் மேசையில் கை எங்கே இருக்க வேண்டும்: சில அனுபவப் பகிர்வுகள்

யீஷூன் உறுப்பினர்:

சென்ற தீபாவளி விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், கிராப்ஸ் என்னும் இரு பகடை ஆட்டத்தை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று விரும்பியதால், இங்கே சிங்கப்பூரிலுள்ள இரண்டு சூதாட்டக்கூடங்களில் ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன். அவர் கடப்பிதழைக் காட்டிக் கட்டணமின்றி உள்ளே போனார். சிங்கப்பூரரான நான் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவுக் கட்டணம் செலுத்தினேன். 2010இல் கூடங்கள் திறந்தபோது அது 100 வெள்ளி. 2019 ஏப்ரலில் உயர்த்தினார்கள். அந்த 150 வெள்ளிக்கு ஒரு கணக்கு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இங்கே நம்மவர்கள் பலருக்குப் பகடை ஆட்டம் என்றாலே சிக் போதான் நினைவுக்கு வரும். அதில் மூன்று பகடைகள் கண்ணாடிக் குமிழுக்குள் தாமாகவே குலுங்கும். ஆடுபவர் பணத்துக்கு ஈடான சில்லை வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். கிராப்ஸில் பகடை நம் கைக்கே வருகிறது. ஒருவர் உருட்டுவதை நம்பி மேசையைச் சுற்றி நிற்கும் பத்துப் பன்னிரண்டு பேர் பணம் வைத்திருக்கிறார்கள். இந்த ஆட்டத்துக்கு மட்டும் இத்தனை மேசை ஒழுக்கம் ஏன் என்று எனக்கு அன்றிரவு விளங்கியது.

சிறு வயதில் தாயம் ஆடியவர்களுக்கு அடிப்படை விளங்க நேரமாகாது. தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும் என்பதுபோல, கிராப்ஸிலும் ஆட்டம் இரண்டு நிலைகளாக நடக்கிறது. முதல் உருட்டலில் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 7 அல்லது 11 ஆக இருந்தால், பாஸ் லைனில், அதாவது உருட்டுபவர் வெல்வார் என்னும் பந்தயத்தில், பணம் வைத்தவர்கள் உடனே வெல்கிறார்கள். 2, 3, 12 வந்தால் தோற்கிறார்கள். 4, 5, 6, 8, 9, 10 ஆகியவற்றில் எது விழுந்தாலும் அது பாயிண்ட் ஆகிறது. டீலர் ஒரு வட்டத் தட்டைக் கறுப்புப் பக்கத்திலிருந்து வெள்ளைப் பக்கத்துக்குத் திருப்பி அந்த எண்ணின்மேல் வைப்பார். அதன்பின் 7 வருவதற்குள் அதே எண் மறுபடி விழுந்தால் வெற்றி. 7 முந்திக்கொண்டால் பாஸ் லைன் பணம் போகும், பகடையும் அடுத்தவர் கைக்கு மாறும். முதல் உருட்டலில் எல்லாரும் வேண்டி நிற்கும் 7, பாயிண்ட் விழுந்த கணத்திலிருந்து எல்லாரும் அஞ்சும் எண்ணாகிவிடுவதுதான் புதிதாக வருபவரைக் குழப்புகிறது. என் மைத்துனர் இரண்டாவது நிலையில் 7 வந்ததைப் பார்த்துக் கைதட்டப் போனார். நல்லவேளையாக நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அன்று பெரிய தவறைச் செய்தவன் நான்தான். மேசையின் மறுகோடியில் ஓர் இளம்பெண் வெகுநேரமாக உருட்டிக்கொண்டிருந்தார்; பாயிண்ட் 8. பலர் 6இலும் 8இலும் சில்லுகளை அடுக்கிவிட்டு அமைதியாகக் காத்திருந்தார்கள். என் 25 வெள்ளிப் பந்தயத்துக்குப் பின்னால் ஆட்ஸ் என்னும் கூடுதல் பணம் வைக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோலால் பகடைகளைத் தள்ளிக்கொடுக்கும் பணியாளரான ஸ்டிக்மேன் அவற்றை அந்தப் பெண்ணிடம் தள்ளிவிட்டதைக் கவனிக்காமல் கையை உள்ளே நீட்டினேன். பறந்து வந்த பகடைகளில் ஒன்று என் விரல் முட்டியில் பட்டு, பாஸ் லைன் கோட்டருகே நின்றது. அதில் 5, மற்றதில் 2.

யாரும் என்னைத் திட்டவில்லை. கையில் பட்டாலும் அந்த உருட்டல் செல்லும் என்பதால் டீலர்கள் மேசையிலிருந்த சில்லுகளை வழித்துச் சேர்த்தார்கள். அந்தச் சத்தத்தைத் தவிர வேறு பேச்சே எழவில்லை. என் இடப்பக்கம் நின்றிருந்த, துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் மட்டும் தணிந்த குரலில் பேசினார்.

“தம்பி, அந்த நம்பர் எப்பவேணா வரும், அது யார் கையிலயும் இல்ல. ஆனா பகடை கிளம்பிட்டா நம்ம கை விளிம்புக்கு வெளியதான் இருக்கணும்.”

“மன்னிச்சிருங்க ஐயா, கவனிக்கல.”

“எனக்கென்ன, அந்தப் பொண்ணு மனசுதான் கஷ்டப்படும்.”

‘அந்த நம்பர்’ என்று அவர் சொன்னதற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. பாயிண்ட் விழுந்த மேசையில் ஏழு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வது பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது. பகடைக்குக் காது கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பிறர் பணம் மேசையில் இருக்கும்போது அவர்கள் நம்பிக்கையை மதிப்பதில் எனக்கு எந்த இழப்பும் இல்லையாதலால், நானும் அன்றிலிருந்து அந்தச் சொல்லை அங்கே உச்சரிப்பதில்லை. சொல்லைவிடக் கை முக்கியம் என்பதே என் உறுதியான கருத்து. என் விரலில் பட்டிராவிட்டால் வேறு எண் வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ‘பட்டிராவிட்டால்’ என்று மற்றவர்கள் நினைக்கும்படி நான் இடம் கொடுத்தேன், அதுதான் என் தவறு.

அன்று நான் வைக்கத் தவறிய ஆட்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பகடைகளில் உண்டாகும் 36 சேர்க்கைகளில் 7 ஆறு வழிகளில் வருகிறது; 6, 8 ஐந்து வழிகளிலும், 5, 9 நான்கு வழிகளிலும், 4, 10 மூன்று வழிகளிலும் வருகின்றன. அந்த விகிதத்துக்குச் சரியாகவே ஆட்ஸ் பணம் தருகிறார்கள்: 4, 10க்கு ஒன்றுக்கு இரண்டு, 5, 9க்கு இரண்டுக்கு மூன்று, 6, 8க்கு ஐந்துக்கு ஆறு. 8இன்மேல் 25 வெள்ளி ஆட்ஸ் வைத்து வென்றால் 30 வெள்ளி கிடைக்கும். கூடத்துக்கு அந்தப் பணத்தில் ஒரு காசு ஆதாயமில்லை. பாஸ் லைனில் கூடத்தின் ஆதாயம் 1.41 விழுக்காடு, சிக் போவின் பெரிது, சிறிது பந்தயங்களில் அது 2.78. ஆனால் அதே கிராப்ஸ் மேசையின் நடுவில் ‘அடுத்ததே 7’ என்று வைக்கும் பந்தயத்தில் 16.67 விழுக்காடு. ஸ்டிக்மேன் நடுப்பகுதிப் பந்தயங்களை உற்சாகமாகக் கூவி அழைப்பார். அது அவர் வேலை. அங்கே பணம் வைக்காமல் இருப்பது நம் வேலை.

இப்போது அந்த 150 வெள்ளிக் கணக்கு. பாஸ் லைனில் மட்டும் ஆடினால், சராசரியாக 150 வெள்ளியை இழக்க ஏறத்தாழ 10,600 வெள்ளிக்குப் பந்தயம் வைக்க வேண்டும்; அதாவது 25 வெள்ளியாக 424 முறை. வாசலில் செலுத்தும் கட்டணத்தின் முன்னால் மேசையின் விகிதம் மிகச் சிறியது. விகிதம் குறைவான ஆட்டம் என்பதால் லாபம் பார்க்கலாம் என்று எண்ணி வரும் சிங்கப்பூரர் எவரும் இதை எழுதிப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

உட்லண்ட்ஸ் உறுப்பினர்:

நான் சில ஆண்டுகள் மேசைக்கு உள்பக்கம் டீலராக நின்றவன். மேலே எழுதியவர் சொன்ன நிகழ்ச்சியைப் போலப் பல பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மிடுக்காகத் தோன்றும் எங்கள் பழக்கங்களுக்கான காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

புதிதாக வருபவர் பெரும்பாலும் பணத்தாளை நம் கையிலேயே கொடுக்க நீட்டுவார். நாங்கள் வாங்க மாட்டோம்; மேசைமேல் வைக்கும்படி சைகை காட்டுவோம். நம் ஊர்ப் பழக்கத்தில் நீட்டிய பணத்தை வாங்காமல் இருப்பது அவமதிப்பு அல்லவா, அதனால் சிலர் முகம் சுருங்கிப் போவார்கள். ஒரு முறை என் அப்பா வயதுடைய ஒருவர் “நான் கொடுத்தா வாங்க மாட்டீங்களா தம்பி?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டார். எங்கள் தலைக்குமேல் இருக்கும் கேமராவுக்கு ஒவ்வொரு தாளும் தெரிய வேண்டும். அதற்காகவே தாள்களை மேசைமேல் விரித்து எண்ணிக் காட்டுகிறோம். மேசையைவிட்டு விலகும் டீலர் இரு உள்ளங்கைகளையும் தட்டி, திருப்பிக் காட்டிவிட்டுப் போவதும் அதற்காகத்தான். இதை விளக்கியதும் அந்தப் பெரியவர் சிரித்து, அதன்பின் ஒவ்வொரு முறையும் தாள்களைத் தாமே விரித்து வைத்தார். பணம் மாற்றுவதை இரண்டு உருட்டல்களுக்கு இடையே செய்வது நல்லது. பகடை உருட்டுபவரிடம் போனபின் தாளை வைத்தால் எல்லாரும் காத்திருக்க நேரிடும்.

பகடையை ஒரே கையால் எடுக்க வேண்டும், அதே கையால் உருட்ட வேண்டும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது, உள்ளங்கையில் மூடிக் குலுக்கி மேசைக்கு வெளியே கொண்டுபோவது, வாயருகே வைத்து ஊதுவது ஆகியவை பகடையை மாற்ற நினைப்பவருக்கு வசதியான தருணங்கள். நல்லெண்ணத்தோடு செய்பவரையும் நாங்கள் தடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் இருவரின் கையசைவும் ஒன்றுபோலவே இருக்கும். பகடை கீழே விழுந்துவிட்டால் மேசையைக் கண்காணிக்கும் பாக்ஸ்மேன் அதை வெளிச்சத்தில் திருப்பி, ஒளி ஊடுருவும் உடலுக்குள் ஏதேனும் இருக்கிறதா, விளிம்பு மழுங்கியிருக்கிறதா, பொறித்த தொடர் எண் சரியா என்று பார்த்த பிறகே திருப்பித் தருவார். உருட்டும்போது இரண்டு பகடைகளும் எதிர்ச் சுவரிலுள்ள ரப்பர்க் கூம்புகளில் பட்டுத் திரும்ப வேண்டும். அவை பகடையின் போக்கைச் சிதறடித்துவிடுவதால், கைப்பழக்கத்தால் எண்ணை வரவழைக்க எவராலும் முடியாமற்போகிறது.

பாஸ் லைன், ஆட்ஸ், ஒரே உருட்டலில் முடியும் ஃபீல்டு போன்றவற்றை நீங்களே வைக்கலாம். 6இன்மேலோ 8இன்மேலோ, 7க்கு முன் அந்த எண் விழும் என்னும் பிளேஸ் பந்தயம் வைக்க விரும்பினால் சில்லை உங்கள் முன்னால் மேசையில் வைத்து, டீலரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஆறின் மடங்காக வையுங்கள். 30 வைத்தால் 35 கிடைக்கும், 25 வைத்தால் மீதிக்கு உரிய பங்கு கிடைக்காமல் போகும். பாஸ் லைனுக்கு எதிரான பந்தயமான டோன்ட் பாஸில் ஆடுபவர்கள் எல்லாருக்கும் எதிராக வென்றாலும் அவர்கள் மீது யாருக்கும் குறை இல்லை. மற்றவர் பணம் போகும் நேரத்தில் உரக்கக் கொண்டாடாமல் இருந்தால் போதும்.

தெம்பனிஸ் உறுப்பினர்:

நான் உருட்டிய ஒரே முறையைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்டிக்மேன் கோலால் ஐந்து பகடைகளை என் முன்னே தள்ளியபோது, பயத்தில் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டேன். “ஒன் ஹேண்ட், மேடம்” என்று அவர் மெல்லச் சொன்னார். இரண்டைத் தேர்ந்தெடுத்தேன், மற்றவை அவர் பக்கம் போயின. உருட்ட விருப்பமில்லை என்றால் அடுத்தவருக்கு விட்டுவிடலாம், அதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை என்று என் கணவர் முன்பே சொல்லியிருந்தார், இருந்தாலும் உருட்டினேன். முதல் முறை சுவரை எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாக எறியும்படி சொன்னார்கள்; அந்த உருட்டலில் பாயிண்ட் 9 வந்திருந்தது. அடுத்த ஐந்து உருட்டல்களில் 9 ஒரு முறை வந்து, புதிதாக 4 பாயிண்ட் ஆகி, பிறகு பகடை என் கையைவிட்டுப் போனது. எதிரே நின்ற சீனப் பாட்டி ஒருவர் அந்த 9க்காக என்னைப் பார்த்து விளிம்பில் இரண்டு முறை தட்டினார்.

புறப்படும்போது எங்களிடம் நிறைய சிறு சில்லுகள் இருந்தன. அவற்றை அள்ளிக்கொண்டு காசாளரிடம் போகவிருந்த என்னை டீலரே நிறுத்தி, உருட்டல் முடிந்ததும் சில்லுகளை மேசையில் வைக்கச் சொன்னார். ஐந்து ஐந்தாக அடுக்கி எண்ணிக் காட்டிவிட்டு, ஒரு நூறு வெள்ளிச் சில்லும் மூன்று இருபத்தைந்து வெள்ளிச் சில்லுகளும் தந்தார். 200 வெள்ளி கொண்டுபோயிருந்தோம்.