சிலம்பம் "கலை", பாக்ஸிங் "விளையாட்டு"... யாராவது விளக்கம் சொல்லுங்கப்பா

கயல்_அம்மா:
பொண்ணு நாலாங்கிளாஸ், ஒன்றரை வருஷமா சிலம்பம் போறா. போன ஞாயித்துக்கெழம கொழுந்தனார் சாப்பிட வந்தவர் சும்மா இருக்காம "அண்ணி, இது கோயில் திருவிழாவுக்கு ஆடுற ஆட்டம், நாளைக்கு பஸ்ல எவனாவது கைய புடிச்சா கம்ப எங்க போய் தேடுவா, பாக்ஸிங்லயோ ஜூடோலயோ சேத்து விடுங்க"ன்னு ஆரம்பிச்சுட்டார். ஆசான்கிட்ட கேட்டா "அது விளையாட்டும்மா, இது கலை"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டு அடுத்த பேட்ச்ச பாக்க போயிட்டாரு. எனக்கு ரெண்டும் அடிதடியாத்தான் தெரியுது. எங்க கோடு போடுறீங்க?

கம்புக்காரன்_நெல்லை:
ஆசான் சொன்னது சரிதாங்க. ரூல்ஸ் வச்சு ஆடுனா விளையாட்டு, உசுர காப்பாத்த பழகுனா கலை. பாக்ஸிங்க எடுத்துக்கோங்க, இடுப்புக்கு கீழ குத்தக்கூடாது, விழுந்தவன தொடக்கூடாது, க்ளவுஸ் போடணும், மூணு நிமிஷத்துக்கு ஒருக்கா மணி அடிக்கணும். இதுல க்ளவுஸும் மூணு நிமிஷ ரவுண்டும் 1867ல குவீன்ஸ்பெரி பிரபு பேர்ல வந்த சட்டம். தெருவுல வம்புக்கு வர்றவன் உங்க எடைக்கு சமமாவா வருவான், மணி அடிச்சா போய் ஸ்டூல்ல உக்காருவானா? எங்க பக்கம் மொதல்ல காலடி, மாசக்கணக்கா வெறும் காலடிதான், அப்புறந்தான் கம்பே கையில குடுப்பாங்க. வெறுங்கையால போடுற அடிமுறை, வர்மம்னு உள்ள போனா வைத்தியமும் கூடவே வரும், அடிச்சு சாய்ச்சவன தடவி எழுப்பவும் தெரியணும். எந்த பாக்ஸிங் கோச்சு இத சொல்லிக்குடுக்கான்?

வடசென்னை_சவுத்பா:
அண்ணாச்சி, பாக்ஸிங்னா வெறும் மணியும் ஸ்டூலும்னு நெனச்சுட்டீங்களே. எங்க ஏரியால பரம்பரைன்னா என்னன்னு தெரியுமா? சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு பரம்பரை பேர சொல்லித்தான் ரிங்குல ஏறுவாங்க, வாத்தியார் கால தொட்டு கும்புடாம க்ளவுஸ் மாட்ட மாட்டாங்க, ஒரு பரம்பரை ஆளு இன்னொரு பரம்பரை வாத்தியார்கிட்ட போனா அது குடும்பத்துக்கே மானப்பிரச்சன. குரு, மரியாத, வழிவழியா வர்ற வித்த, இதெல்லாம் இருந்தாத்தான் கலைன்னா வெள்ளக்காரன் கொண்டாந்த பாக்ஸிங் எங்க தெருவுல கலையா மாறி ரொம்ப காலமாச்சு. ஆனா உங்க சிலம்பத்துல இப்ப பாதி பேர் வர்றது சர்டிபிகேட்டுக்கு. கோச்சிக்காதீங்க, நெஜம்.

டாட்டாமி_தம்பி:
நான் ஜூடோ. ரூல்ஸ் இருந்தா நெஜ சண்டை இல்லங்கறதுதான் இந்த விவாதத்துலயே பெரிய தப்புன்னு நெனைக்கிறேன். ஜூடோவ உருவாக்குன கானோ ஜிகோரோ 1882ல கோடோகான்ங்கற பள்ளிய ஆரம்பிச்சப்போ பழைய ஜுஜுட்சுல இருந்த ஆபத்தான அடி, ஒதை எல்லாத்தையும் எடுத்து கட்டாங்கற ஒப்பிச்சு பழகுற முறைக்குள்ள வச்சுட்டாரு, எதிராளி எலும்ப ஒடைக்காம முழு பலத்தோட பண்ணக்கூடியத மட்டும் வச்சுக்கிட்டு தெனமும் ஒருத்தன ஒருத்தன் நெஜமாவே தூக்கி போட்டு பழக விட்டாரு. கண்ண நோண்டுற வித்தைய யார் மேல பழகுவீங்க? காத்துலதான் பழகணும். தோள்வீச்ச நான் இதுவரைக்கும் சில ஆயிரம் தடவையாவது, திமிர்ற ஆளு மேல, அவன் விடமாட்டேன்னு நிக்கிறப்போ போட்டிருக்கேன்.

ஆனா உண்மைய சொல்லணும்ல, விளையாட்டு எங்கள கொஞ்சம் தின்னுடுச்சு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஜூடோ வந்துச்சு, கடைசியில 2010ல கால புடிச்சு தூக்குறதுக்கு கட்டுப்பாடு, 2013ல முழுசா தடை. இன்னிக்கு சேர்ற பசங்களுக்கு அந்த எறிதல் எல்லாம் பேரு மட்டும்தான் தெரியும்.

கம்புக்காரன்_நெல்லை:
இதத்தான தம்பி நானும் சொல்லுதேன், நீங்களே ஒத்துக்கிட்டீங்களே. இன்னொண்ணு சொல்லுதேன் கேளுங்க, டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஆகஸ்டு, கராத்தே 75 கிலோவுக்கு மேல பைனல். சவுதி ஆளு தாரெக் ஹமேதி 4-1ன்னு முன்னால இருக்கான், கழுத்துக்கு ஒரு ஒதை விட்டான் பாருங்க, ஈரான்காரன் சஜ்ஜாத் கஞ்சாதே அப்படியே சாஞ்சுட்டான், ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு போனாங்க. தங்கம் யாருக்கு? ஸ்ட்ரெச்சர்ல போனவனுக்கு! நல்லா அடிச்சவன் தகுதி நீக்கம். இத பாத்துட்டு எவனாவது சண்டைன்னு சொல்லுவானா?

வடசென்னை_சவுத்பா:
அண்ணாத்த சேம் சைடு கோல் போட்டுட்டீங்க. எங்க ரிங்குல அந்த மாதிரி சாச்சா பத்து எண்ணிட்டு கைய தூக்கி ஜெயிச்சான்னு சொல்லிடுவாங்க, ஏன்னா அது விளையாட்டு, ஒளிவுமறைவு இல்ல. அவன தோக்கடிச்சது கராத்தே ஓட பழைய ஒழுக்கம்தான், அடி ஒடம்புகிட்ட வந்து நிக்கணும், கட்டுப்பாடு இல்லாத அடி அடியே இல்லங்கறது. நீங்க கலை கலைன்னு தூக்கி பிடிக்கறது அதத்தான? ஒலிம்பிக் ரூல் புக்குக்குள்ள புகுந்து உக்காந்திருக்கறதே உங்க கலைதான்.

கம்புக்காரன்_நெல்லை:
இது வக்கீல் பேச்சு.

டாட்டாமி_தம்பி:
ஹாஹா இல்ல ப்ரோ, அவர் சொல்றதுல பாயிண்ட் இருக்கு. அப்புறம் "எங்க வித்த ரொம்ப ஆபத்து, அதான் போட்டிக்கு போறதில்ல"ன்னு சொல்றவங்களுக்காக 1993 நவம்பர்ல அமெரிக்காவுல டென்வர்ல முதல் யுஎஃப்சி நடந்துச்சு, எந்த வித்தைக்காரனும் எவன் கூடவும் மோதலாம்ங்கற போட்டி. வெயிட் பிரிவு இல்ல, கடிக்கக்கூடாது கண்ண நோண்டக்கூடாது, மத்தபடி இஷ்டம். சூமோ ஆள்லேர்ந்து கராத்தே, பாக்ஸிங் வரைக்கும் எல்லாரும் வந்தாங்க, ஜெயிச்சது ஒல்லியா பைஜாமா மாதிரி கீங்கற உடுப்பு போட்டுட்டு வந்த பிரேசில் ஜுஜுட்சு ஆளு ராய்ஸ் கிரேசி, ஒரே ராத்திரியில மூணு பேர. பரிசோதிச்சு பாக்காத வித்தைக்கு என்ன ஆகும்னு அன்னிக்கு நெறைய பேருக்கு புரிஞ்சுது.

கம்புக்காரன்_நெல்லை:
அங்க அஞ்சடி கம்ப உள்ள விடுவானா தம்பி? விட்டுருந்தா அன்னிக்கு ராத்திரி கத வேற.

முன்னாள்_நடுவர்:
ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன், இதுக்கு மேல வாய மூடிட்டு இருக்க முடியல. சிலம்பம் போட்டிகள்ல பல வருஷம் நடுவரா நின்னிருக்கேன். கம்புக்காரன் சார், சிலம்பத்துல ரூல்ஸ் இல்லைன்னு யார் சொன்னா? தனித்திறமைன்னா வீச்சுக்கு மார்க், தொடுமுறைன்னா தொட்டதுக்கு பாயிண்ட், வயசு பிரிவு, எடை பிரிவு, தலைக்கு ஹெல்மெட், எல்லாம் உண்டு. அந்த காலத்துலயே நுனியில பொடி தடவி எத்தன எடத்துல தொட்டுச்சுன்னு எண்ணி பாத்திருக்காங்க, அது விளையாட்டு இல்லாம வேற என்ன?

நான் பாத்தத சொல்றேன். தொடுமுறைக்கு மட்டும் பழகுன பையன் கம்ப நீட்டி கணுக்கால ஒரு தட்டு தட்டிட்டு பின்னாடி ஓடிடுவான், பாயிண்ட் வந்துரும். அவன் அடியில பலமே இருக்காது, நெஜத்துல அந்த தட்டுக்கு ஒருத்தனும் அசர மாட்டான், கம்ப புடுங்கிட்டு போயிருவான். தனித்திறமைக்கு மட்டும் பழகுன பொண்ணு கம்பு சுத்துனா காத்து கிழியுற சத்தம் கேக்கும், ஆனா எதிர்ல ஒரு ஆள் வந்து நின்னா கண்ண மூடிக்கும். ரெண்டும் சிலம்பம்தான், ரெண்டு பேருக்கும் மெடல் நானே குடுத்திருக்கேன். இதுல எத கலைன்னு சொல்லுவீங்க?

அதனால பேர பாத்து பிரிக்காதீங்கம்மா. க்ளாஸ்ல போய் ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க. பாயிண்ட்டே கெடைக்காத ஒண்ண, போட்டியில கணக்குலயே வராத ஒண்ண இன்னும் சொல்லிக்குடுக்குறாங்களா? உதாரணத்துக்கு விழுந்தா எப்படி எந்திரிக்கறது, கம்பு கைய விட்டு போனா என்ன பண்றது, எப்ப அடிக்காம ஓடணும். இருந்துச்சுன்னா அங்க கலை இன்னும் உசுரோட இருக்குன்னு அர்த்தம், அது பாக்ஸிங் க்ளாஸா இருந்தாலும்.

வடசென்னை_சவுத்பா:
வாத்தியாரே சூப்பர், ஆனா பாதிதான் ஒத்துக்குவேன். இன்னொண்ணும் பாக்கணும், எதிர்ல நிக்கிறவன் திருப்பி அடிக்கிறானான்னு. யாரும் திருப்பி அடிக்காத எடத்துல கத்துக்கறது எல்லாம் காட்சிதான். 1980ல முகமது அலியே மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸ் கூட மோதுனாரு, அதுவும் காட்சிச் சண்டைதான், ஜனம் அலைமோதுச்சு. காட்சி தப்பில்ல, ஆனா அதுக்கு தற்காப்புன்னு பேர் வச்சு பீஸ் வாங்காதீங்க.

கம்புக்காரன்_நெல்லை:
நடுவர் ஐயா சொன்னதுக்கு மறுப்பு சொல்ல மனசு வரல. எங்க ஆசான் கம்பு இல்லாம துண்ட வச்சே பாடம் எடுப்பாரு, போட்டியில துண்டுக்கு எவன் மார்க் போடுவான். ஆனா ரூல்ஸ் விஷயத்துல நான் எறங்கி வந்துட்டேன்னு யாரும் எழுதிட்டு திரியாதீங்க.

கயல்_அம்மா:
எல்லாருக்கும் தேங்க்ஸ். இன்னிக்கு சாயங்காலம் க்ளாஸ்ல உக்காந்து பாத்தேன், கொழுந்தனாரையும் கூட்டிட்டு போனேன். விழுந்து எந்திரிக்கறது இருக்கு, கம்பு போனா என்ன பண்றதுன்னு கேட்டதுக்கு கையால மூணு பாடம் காட்டுனாரு. நேருக்கு நேர் நின்னு அடிக்க விடுவீங்களான்னு கேட்டேன், பெரிய பசங்களுக்கு மட்டும்தானாம், இவளுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும்னாரு. அது எனக்கு அரைகுறையாத்தான் படுது. வடசென்னை தம்பி சொன்னத மனசுல வச்சிருக்கேன், லீவுல ஜூடோவும் ஒரு மாசம் அனுப்பி பாக்கலாம்னு இருக்கு.

கொழுந்தனார் "எங்க குடும்மா"ன்னு அவகிட்ட கம்ப வாங்க கைய நீட்டுனாரு, பிள்ள சுத்திட்டு இருந்தத நிறுத்தல, விரல்லயே பட்டுடுச்சு. இப்ப ஐஸ் வச்சுட்டு உக்காந்திருக்காரு.

வடசென்னை_சவுத்பா:
எத்தன பாயிண்ட் குடுத்தாங்க?